நான்காம் அட்டவணை

ஆம்பூர்,
18 ஜூன் 1934

அன்புத் தங்கை எப்சிபாவுக்கு அக்கா சுகிர்தம் எழுதுவது.

ஆண்டவருடைய கிருபையால் நானும் உன் மாமாவும் குழந்தை ஜெயாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் அம்மாவும் எப்படி? அம்மாவின் முழங்கால் வலி படியேற விடுகிறதா?

நம் பெண்கள் பள்ளியின் ட்ரில் வகுப்பை உனக்குக் கொடுத்திருப்பதாக மிஸ் ஹார்ட்டன் எழுதியிருந்தார்கள். சந்தோஷம். நான் மூன்று வருஷம் நடத்தியது. கல்யாணமாகி இங்கே வந்தபின் ஒன்றரை வருஷம் ஆளில்லாமல் கிடந்தது. ஜெயா பால் மறந்ததும் நானே திரும்பி வரலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. இருக்கட்டும். நீ பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருப்பதற்கு இது மேல். இப்போதைக்குத் தற்காலிகம்தானே?

உனக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். விசில் என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கும். வெந்நீரில் கழுவிக்கொள். பிள்ளைகளிடம் சிரிக்காதே, சிரித்தால் ட்ரில் கெட்டுப்போகும். 'ஒன்று' என்றால் எல்லாக் கையும் மேலே இருக்க வேண்டும். ஒரு கை அரை விநாடி பிந்தினாலும் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கு.

உன் மாமா இப்போது பயில்வான் ஆகிவிட்டார். தோல் கம்பெனி ஆபீசுக்குப் போகுமுன், எங்கள் தெருக்கோடியில் மஹபூப் பாஷா உஸ்தாத் நடத்தும் தாலிம்கானா என்னும் குஸ்திக் கூடத்துக்குப் போய்த் தண்டாலும் பஸ்கியும் எடுத்துவிட்டு உடம்பெல்லாம் செம்மண்ணோடு வருகிறார். எத்தனை எடுத்தீர்கள் என்று கேட்டால், "யாரு எண்ணினா? மூச்சு போதும்னு சொல்ற வரைக்கும்" என்கிறார். எண்ணாமல் செய்வதற்குப் பெயர் பயிற்சியா? நீயே சொல்.

அம்மாவுக்கு முத்தம் கொடு. ஜெயா தவழ்கிறாள், இன்னும் நிற்கவில்லை. எட்டு மாதத்துக்கு நிற்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது.

உன் அன்பான அக்கா,
சுகிர்தம்


வேலூர்,
3 ஜூலை 1934

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மா படி ஏறுகிறாள், ஏறிவிட்டு என்னைத் திட்டுகிறாள். ஜெயாவைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்காதே அக்கா, அவள் அதைப் படிக்கவில்லை.

விசில் கிடைத்தது. நீ சொன்னபடி இரண்டு நாள் சிரிக்காமல் இருந்து பார்த்தேன். மூன்றாம் நாள் ஐந்தாம் வகுப்பு வாண்டு ஒருத்தி, "டீச்சர், உங்களுக்கு வயித்து வலியா?" என்று கேட்டுவிட்டாள். என்னால் அடக்க முடியவில்லை. அறுபது பேரும் சிரித்து, வரிசை குலைந்து, மறுபடி நிற்க வைக்கப் பத்து நிமிஷம் ஆனது.

பெரிய பெண்கள் உன்னை மறக்கவில்லை. முழங்கை வளைந்தால், "பெரிய டீச்சர் பார்த்தா கொன்னுடுவாங்கடி" என்று தங்களுக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறார்கள். நேராக நிற்பது எப்படி என்று உன்னிடம் கற்றிருக்கிறார்கள். ஆனால் விசில் ஊதாவிட்டால் கையைத் தூக்கக் கூட யோசிக்கிறார்கள். அதனால் கடைசிப் பத்து நிமிஷம் கும்மி வைத்திருக்கிறேன். வேர்த்து விறுவிறுத்து வகுப்புக்குப் போகிறார்கள்.

ஓர் உதவி. நீ அட்டையில் வர்ணம் தீட்டி எழுதிய ட்ரில் அட்டவணைகள் ஆம்பூரில் உன்னிடம்தான் இருப்பதாக மிஸ் சொன்னார்கள். அனுப்புவாயா? பிப்ரவரியில் கோட்டை மைதானத்தில் எல்லாப் பள்ளிகளும் போட்டியிடும் விளையாட்டு விழா, இன்ஸ்பெக்டர் அம்மாளும் வருகிறார்கள். அது முடிந்ததும் இந்த வேலையை நிரந்தரமாக்குவது பற்றி முடிவு செய்வார்களாம்.

மாமாவுக்கு என் வணக்கம். பயில்வானிடம் அடங்கி நட.

உன் எப்சி


ஆம்பூர்,
29 ஆகஸ்ட் 1934

அன்புள்ள எப்சிபாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். பதில் பிந்தியதற்கு மன்னித்துக்கொள். ஜெயாவுக்குப் பல் முளைத்தது, காய்ச்சல் வந்தது, வேலைக்காரி நின்றுவிட்டாள்.

அட்டவணைகள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று தெரியவில்லை. தேட வேண்டும்.

கும்மி பற்றி எழுதியிருந்தாய். கும்மி அடிக்கப் பள்ளிக்கூடம் எதற்கு, பி.ஏ. எதற்கு? ஒவ்வொரு தசைக்கும் ஓர் அசைவு, ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் எண் என்று வெள்ளைக்காரர்கள் ஆராய்ந்து வைத்த முறை இது. அதை நான் ராத்திரி பகலாகப் படித்து நம் பெண்களுக்கு ஏற்றபடி அமைத்தேன். மிஸ் ஹார்ட்டன் கும்மிக்கு ஒன்றும் சொல்லவில்லையா? என் காலத்தில் பாவாடை நுனி ஆடினால்கூடச் சொல்வார்கள்.

நிரந்தரம் என்று எழுதினாயே, அதைக் கேட்டது நீயா, சொன்னது அவர்களா?

அக்டோபர் விடுமுறைக்கு இங்கே வா. ஜெயாவின் முதல் பிறந்தநாளுக்கு நீ இருக்க வேண்டும்.

அக்கா


வேலூர்,
24 அக்டோபர் 1934

என் அருமை அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். காட்பாடியில் இறங்கும்வரை ஜெயாவின் வாசனை என் தோளில் இருந்தது. அவள் முதல் அடியை என்னை நோக்கி வைத்தாளே! நீ அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் உட்கார்ந்துவிட்டாள், திருடி. இப்போது நிறைய நடக்கிறாளா?

அந்தப் பத்து நாளையும் நான் மறக்கமாட்டேன். முக்கியமாக உன் அடுத்த வீட்டு முனவ்வர் பேகத்தை. உஸ்தாதின் மகள் என்று தெரியும், ஆனால் வெளியே தலைகாட்டாமல் கோஷாவில் இருக்கிறவள் முற்றத்துக்குள் கர்லாக்கட்டை சுற்றுவாள் என்று யார் நினைப்பார்கள்? சின்ன வயதில் கதவிடுக்கு வழியாக அப்பாவைப் பார்த்தே கற்றாளாம். மூன்று பிள்ளை பெற்ற இடுப்புக்கு இதுதான் மருந்து என்கிறாள். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு உனக்கு இது தெரியாமல் போனதே! "கட்டைய நீ சுத்தாதே பாப்பா. அது சுத்தும், நீ வழி விடு" என்றாள். இரண்டாம் நாள் தோள் வலித்தது. ஐந்தாம் நாள் கட்டையே இறகு மாதிரி முதுகைச் சுற்றி வந்தது.

யோசித்துப் பார்த்தேன் அக்கா. உன் ட்ரில்லில் அறுபது பேர் ஒரே ஆள் மாதிரி அசைகிறார்கள். அது பார்க்க அழகு. கர்லாவில் ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு வேகம். குட்டைப் பெண்ணுக்கும் நெட்டைப் பெண்ணுக்கும் ஒரே எண்ணிக்கை கிடையாது. எது சரி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் வேண்டும் போலிருக்கிறது. கடைசல்காரரிடம் சின்னக் கட்டைகள் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் விழாவில் உன் நான்காம் அட்டவணைதான் முக்கியம். இரண்டு அணிகள் எதிரெதிரே வந்து, மர டம்பெல்லை வீசிக்கொண்டே ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகுமாமே! பெரிய பெண்கள் அதைப் பற்றியே பேசுகிறார்கள். நம்மிடம் முப்பது ஜோடி டம்பெல்தான் இருக்கிறது. மீதி முப்பது ஜோடி ஆண்கள் பள்ளியிலிருந்து விழா அன்று காலையில்தான் வரும். ஆகவே முதல் அணிக்குக் காலையிலும் இரண்டாம் அணிக்கு மாலையிலும் தனித்தனியாகப் பயிற்சி. அட்டை வந்தால்தான் தொடங்க முடியும். தயவுசெய்து தேடு.

முனவ்வர் அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல்.

எப்சி


ஆம்பூர்,
22 நவம்பர் 1934

அன்புள்ள எப்சிபாவுக்கு,

இங்கே மழை. தோல் ஊறும் வாடையோடு ஈரமும் சேர்ந்து வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. மற்றபடி சுகம். அம்மாவைக் கம்பளி போர்த்திக்கொள்ளச் சொல்.

முனவ்வர் பேகத்திடம் சொன்னேன். உன்னைத் தவிர அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. நானும் போய்க் கட்டையை வாங்கிச் சுற்றிப் பார்த்தேன். அவள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "உன் தங்கச்சிக்கு மணிக்கட்டுல உயிர் இர்க்குது. நீ இன்னா தாயி, கைய குச்சி மாதிரி நீட்றே! யாரு உன்ன அடிச்சு வளத்தா?" என்று கேட்டாள். அவளுடைய மருமகள்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உன் மாமாவிடம் சொன்னால் அவரும் சிரித்துவிட்டு, "எப்சிக்கு அது கூடவே பொறந்தது" என்கிறார்.

ஜெயா நடக்கிறாள். யார் வந்தாலும் அவர்களை நோக்கித்தான் நடக்கிறாள்.

அட்டைகள் கிடைத்துவிட்டன. நான்கையும் தனிப் பார்சலில் அனுப்புகிறேன். இது என் கையால் எழுதியது. உன் யோசனைகளை இதில் சேர்க்காதே. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே செய். ஒன்றைக் கூட்டாதே, ஒன்றைக் குறைக்காதே.

அக்கா


வேலூர்,
14 டிசம்பர் 1934

அன்பு அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து முன்கூட்டியே. அம்மா கல்கல் பலகாரம் சுட ஆரம்பித்துவிட்டாள்; மாமாவுக்கு ஒரு டின் வருகிறது. இந்த முறை உங்களைப் பார்க்க வர முடியாது, பயிற்சி இருக்கிறது.

அட்டைகளைப் பிரித்ததும் ஆபீஸ் அறையில் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். சிவப்புக் கோடும் நீலக் கோடும்! மிஸ் ஹார்ட்டன், "சுகிர்தத்தின் கை" என்று மெதுவாகச் சொன்னார்கள். நான்காவது அட்டையின் அடியில் மட்டும் ஓரிடம் சுரண்டினாற்போல் இருக்கிறது. ஜெயா பாலைக் கொட்டிவிட்டாளா? எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் தெளிவாக இருக்கிறது.

ஒரு ரகசியம். விழா அன்று, "இந்த அட்டவணையை அமைத்தவர் திருமதி சுகிர்தம் தேவசகாயம்" என்று அறிவிக்கப்போகிறேன். மிஸ் சம்மதித்துவிட்டார்கள். நீ எழுதியதில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை.

நீங்கள் மூவரும் வர முடியுமா? சனிக்கிழமை, பிப்ரவரி 2.

எப்சி


(தபாலில் சேர்க்காத கடிதம்)

ஆம்பூர்,
20 ஜனவரி 1935

எப்சி,

இதைப் படித்ததும் நான்காவது அட்டையை எடு. அடியில் சுரண்டியது ஜெயா அல்ல, நான். உன் மாமாவின் சவரக் கத்தியால் சுரண்டினேன். அங்கே ஒரு வரி இருந்தது: இரண்டாம் அணி இரண்டு எண்ணிக்கை தாமதமாகத் தொடங்க வேண்டும். ஒரு அணியின் கை வெளியே வீசும்போது எதிர் அணியின் கை கீழே இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இருவர் கையும் ஒரே நேரத்தில் வெளியே வரும், டம்பெல் முகத்தில் படும். என் முதல் வருஷத்தில் ஒரு பெண்ணுக்குப் பல் போனது. அதற்குப் பிறகுதான் அந்த வரியைச் சேர்த்தேன். தனித்தனியாகப் பயிற்சி செய்யும்வரை இது தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

அடிபடும் என்று நினைத்துச் செய்யவில்லை. வரிசை குழம்பும், இன்ஸ்பெக்டர் அம்மாள் உதட்டைப் பிதுக்குவார்கள், அக்கா இருந்திருந்தால் என்று எல்லாரும் சொல்வார்கள் என்று நினைத்தேன். அந்த இடம் என்னுடையது. ஏப்ரலிலேயே மிஸ்ஸுக்கு எழுதிக் கேட்டிருந்தேன். ஜெயாவை அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று உன் மாமாவிடம் மூன்று மாதம் கெஞ்சிச் சம்மதம் வாங்கினேன். அவர் சரி என்று சொன்ன வாரம் மிஸ்ஸின் கடிதம் வந்தது, உனக்குக் கொடுத்துவிட்டதாக. நீ ஒன்றுமே கேட்பதில்லை, உனக்கு எல்லாம் வந்து விழுகிறது. என் குழந்தையின் முதல் அடி உள்பட


ஆம்பூர்,
21 ஜனவரி 1935

அன்புள்ள எப்சிபாவுக்கு,

சுகம். ஜெயாவுக்கு இருமல் இருப்பதால் விழாவுக்கு வர இயலாது. விழா நன்றாக நடக்க ஜெபிக்கிறேன். என் பெயரை அறிவிக்க வேண்டாம்.

அக்கா


வேலூர்,
4 பிப்ரவரி 1935

அன்பு அக்காவுக்கு,

ஜெயாவின் இருமல் எப்படி இருக்கிறது? அம்மா கற்பூரவள்ளிச் சாறு கொடுக்கச் சொல்கிறாள். நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

முதல் மூன்று அட்டவணையும் அழகாக நடந்தன. நான்காவதில் இரண்டு அணியும் நடந்து வந்தன. நான் விசில் ஊதினேன். இரண்டாம் அணியில் பாதிப் பேர் கை வீசினார்கள், பாதிப் பேர் அப்படியே நின்றார்கள். என்ன என்று நான் பார்ப்பதற்குள் மரத்தோடு மரம் மோதும் சத்தம் கேட்டது. குடியாத்தத்து நெசவாளி மகள் மரகதம், ஆறாம் வகுப்பு, இந்த வருஷம் சேர்ந்தவள். புருவத்தில் டம்பெல் பட்டுவிட்டது. ஐந்து தையல். கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று நேற்றுத்தான் டாக்டர் அம்மாள் சொன்னார்கள். அதுவரை நான் சாப்பிடவில்லை.

பெரிய பெண்களைக் கேட்டேன். "ரெண்டு எண்ணி அப்புறம்தான் வீசணும், பெரிய டீச்சர் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்றார்கள். "அப்போ ஏண்டி என்கிட்ட சொல்லல?" "நீங்க கும்மி எல்லாம் வெச்சீங்க இல்ல டீச்சர், இதையும் மாத்திட்டீங்கன்னு நினைச்சோம். எதிர்ல அணியைப் பார்த்ததும் பழைய பழக்கத்துல நின்னுட்டோம்."

உனக்கு அது மனப்பாடம், எழுத வேண்டும் என்றே தோன்றியிருக்காது. நான் கேட்டிருக்க வேண்டும். முப்பது ஜோடியைப் பங்கு போட்டாவது இரண்டு அணியையும் ஒருமுறை சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். கர்லாவிலும் கும்மியிலும் மனத்தைப் பறிகொடுத்து, எண்ணுகிறவளின் பொறுப்பு என்னவென்று கற்காமல் விட்டேன். நீ முதல் கடிதத்திலேயே சொன்னாய், நான் சிரித்தேன்.

நல்லவேளை, உன் பெயரை அறிவிக்கவில்லை. பழி என்னோடு நின்றது.

நான் இந்த வேலைக்குத் தகுதியில்லை என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். அப்போதுதான் அவர்கள் சொன்னார்கள், நீ ஏப்ரலில் இந்த இடத்தைக் கேட்டு எழுதியிருந்தாய் என்று; கைக்குழந்தையோடு உன்னால் முடியாது என்று அவர்களே நினைத்து என்னிடம் கொடுத்தார்களாம். ஜூனில் ஒரு வரி எழுதியிருந்தாய். பேச்சுவாக்கில் எழுதியது என்று விட்டுவிட்டேனே! என்னிடம் ஏன் நேராகச் சொல்லவில்லை? நான் உடனே விலகியிருப்பேன். இப்போது இடம் உனக்குத்தான். மார்ச் முதல் தேதிக்குள் உன் சம்மதம் வேண்டும் என்கிறார்கள். பகலில் ஜெயாவை நானும் அம்மாவும் பார்த்துக்கொள்கிறோம். ஒரு வரி எழுது, போதும்.

எப்சி


ஆம்பூர்,
7 பிப்ரவரி 1935

எப்சிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. சம்மதம் என்ற ஒரு வரியை நேற்றே எழுதி, உறைக்குள் போட்டு, ஒட்டியும் விட்டேன். இன்று காலை உன் மாமா ஆபீசுக்குப் போகிற வழியில் தபாலில் போடக் கையில் கொடுத்தேன். தெருக்கோடி வரை போனவரைக் கூப்பிட்டு வாங்கிக்கொண்டேன். முனவ்வர் பேகம் சன்னலிலிருந்து, "இன்னா பேஜாரு தாயி, காலைலயே ஓட்டம்?" என்றாள்.

இத்துடன் வேறொரு கடிதம் வைத்திருக்கிறேன். ஜனவரி 20 என்று தேதி போட்டது. அனுப்பாமல் மடித்து வைத்திருந்தேன். அதை முதலில் படி.

படித்தாயா? பதின்மூன்று நாள் என்னிடம் இருந்தது. தபால் ஒரே நாளில் வேலூர் போய்விடும். தந்தி என்றால் ஒரு மணி நேரம். ஜெயாவின் இருமலைச் சாக்காக எழுதினேன். அவளுக்கு இருமல் இல்லை.

எண்ணுகிறவளின் பொறுப்பு என்று நீ எழுதியதை உன் மாமாவிடம் வாய்விட்டுப் படிக்க முயன்றேன், முடியவில்லை. அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்.  அவர் இன்று ஆபீசுக்குப் போகவில்லை.

பழி உன்னுடையது அல்ல. இந்தக் கடிதத்தை மிஸ்ஸிடம் காட்டு. இதை எழுதும்போதும் உன் மேல் பொறாமை தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய்.

அந்தப் பிள்ளைக்குக் காயம் ஆறுகிறதா?

சுகிர்தம்


வேலூர்,
2 மார்ச் 1935

அக்காவுக்கு,

அம்மா சுகம். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஜெயாவுக்கும் மாமாவுக்கும் என் அன்பு.

மூன்று வாரம் பதில் எழுதவில்லை. நான்கு தடவை ஆரம்பித்தேன். முதல் கடிதத்தில் உன்னைத் திட்டியிருந்தேன், இரண்டாவதில் மன்னித்திருந்தேன். இரண்டுமே உண்மையில்லை, கிழித்துவிட்டேன்.

மிஸ்ஸிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். காட்ட வேண்டாம் என்றுதான் இருந்தது. ஆனால் உன் பெயர் அங்கே நல்ல பெயராகவே இருந்து, அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ யாராவது உன் கையில் விசிலைக் கொடுத்தால்? அவர்கள் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்கள். "இவ்வளவு ஆசைப்பட்டாள் என்று எனக்கு முதலில் தெரிந்திருந்தால்!" என்றார்கள். நேற்று நான் அந்த நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் பெயருக்கு. உனக்கு வலிக்கும் என்று தெரிந்தே போட்டேன். நீ கேட்டிருந்தால் ஜூனில் கொடுத்திருப்பேன். இப்போது கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.

மரகதத்துக்குத் தையல் பிரித்தாயிற்று. இடது புருவத்தில் முடி முளைக்காது என்கிறார்கள். விடுதியில் இப்போது அவள் யாரோடும் விளையாடுவதில்லை. சாயங்காலம் தோட்டத்தில் தனியாக நின்று கையை நீட்டி மடக்கி எண்ணிக்கொண்டிருக்கிறாள். போய்க் கேட்டேன். "நான்தான் டீச்சர் அவசரப்பட்டுட்டேன். பெரியக்காங்க எல்லாம் நின்னாங்க, நான் நிக்கல. என்னாலதான் நம்ம ஸ்கூலு தோத்துப்போச்சு. இனிமே தப்பு பண்ணமாட்டேன்" என்றாள். உன் தப்பு இல்லையடி என்று நான் எத்தனை சொல்லியும் நம்பவில்லை. இந்த டீச்சருக்கு இரக்கம் ஜாஸ்தி, அதனால் சொல்கிறாள் என்று நினைக்கிறாள்.

நான் சொன்னால் போதாது. சொல்ல வேண்டியவள் நீ. வரும் சனிக்கிழமை காலை வண்டியில் வா. நான் ஸ்டேஷனுக்கு வரமாட்டேன். நேராக விடுதிக்குப் போ. உன்னை அவள் பார்த்ததில்லை, பெரிய டீச்சர் என்று கேள்விப்பட்டிருக்கிறாள், அவ்வளவுதான். கேட்டால் காட்டுவார்கள். சாயங்காலம் நாலரை மணிக்குத் தோட்டத்தில் இருப்பாள், வாயால் எண்ணிக்கொண்டு.

எப்சிபா